மூன்று உயிர், ஐந்து ரூபாய்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளும் வீடியோ கேமும் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த வயதில் எத்தனை மணி நேரம் ஆடலாம் என்று அட்டவணையும் போட்டிருந்தீர்கள். எல்லா ஆட்டத்தையும் ஒரே தராசில் நிறுத்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. நான் 1996 முதல் 2003 வரை கோவில்பட்டியில் வீடியோ கேம் கடை வைத்திருந்தவன். நாலு டிவி, நாலு கேம் செட், அரை மணிக்கு ஐந்து ரூபாய்.

நானும் உத்தமன் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன்கள் என் கடையில்தான் கிடப்பார்கள். ஒரு வாத்தியார் வந்து சத்தம் போட்ட பிறகு, 'சீருடையில் வந்தால் அனுமதி இல்லை' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். மறுநாள் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு பனியனோடு வந்தார்கள்.

நான் ஆடியதைவிட ஆடுகிறவர்களைப் பார்த்ததுதான் அதிகம். மரியோ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியில் மியாமோட்டோவும் தெசுகாவும் சேர்ந்து 1985இல் உருவாக்கியது. மொத்த ஆட்டமும் 40 கேபி. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் ரோஜாப்பூ பெரும்பாலும் அதைவிடப் பெரிது. எப்படி ஆடுவது என்று திரையில் ஒரு வரிகூட இருக்காது. ஆள் இடது பக்கம் நிற்பான், வலப்பக்கம் வெட்டவெளியாகக் கிடக்கும். பையன் தானாக அந்தப் பக்கம் போவான். கொஞ்ச தூரத்தில் காளான் மாதிரி ஒரு குட்டிப் பிசாசு எதிரே நடந்து வரும். என் கடையில் முதல் நாள் அதில் முட்டிச் சாகாத பையன் அபூர்வம். நஷ்டம் சில விநாடிதான். அடுத்த தடவை குதிப்பான். குதிக்கிறபோது தலைக்கு மேலே இருக்கிற கேள்விக்குறிக் கட்டையில் இடித்தால் நிஜக் காளான் ஒன்று வெளியே வரும். அதையும் பிசாசு என்று பயந்து நின்றால், அது நேரே போய்ப் பச்சைக் குழாயில் முட்டி அவனிடமே திரும்பி வரும்! தொட்டதும் ஆள் பெரிதாகிவிடுவான். இவ்வளவையும் சொல்லித்தர ஆளே தேவையில்லை.

அப்புறம் அந்தக் குதி. பட்டனை லேசாகத் தட்டினால் சின்னக் குதி, விடாமல் அழுத்தினால் பெரிய குதி. என்னைக் கேட்டால் முழு ருசியும் அதில்தான். பள்ளம் வந்ததும் பையன்கள் கையில் பிடித்து ஆடும் ரிமோட்டையே தலைக்கு மேல் தூக்குவார்கள். ஒயர் இழுபட்டு செட் ஸ்டூலிலிருந்து விழும். பள்ளத்தில் விழுந்தால் தப்பு தன் கட்டைவிரலில்தான் என்று அவனுக்கே தெரியும். ஆட்டத்தை யாரும் திட்டிக் கேட்டதில்லை. ரிமோட்டைத் திட்டுவார்கள், அது வேறு.

மரியோவில் மூன்று உயிர். கான்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்திலும் மூன்று உயிர்தான். மேலே மேலே, கீழே கீழே, இடது வலது இடது வலது, பி, ஏ என்று பட்டன்களைத் தட்டினால் முப்பது உயிர் கிடைக்கும். கொனாமி கம்பெனிக்காரர் ஒருவர் இன்னொரு ஆட்டத்தைச் சோதிக்கையில், தன்னாலேயே ஆட முடியவில்லை என்று வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. ஏழாம் வாய்ப்பாடு வராதவனுக்கும் இது மனப்பாடம். காசு கேட்காத குறுக்கு வழி.

இப்போது என் பேரன் போனில் கோட்டை கட்டுகிறான். ஒரு கதவு எழும்ப எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து ஆட்டத்துக்குள் வைரம் வாங்க வேண்டும். கைக்கு அதில் வேலையே இல்லை. தினமும் திறந்தால் ஒரு பரிசு, ஏழாம் நாள் பெரிய பெட்டி. ஒரு நாள் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து. போன மாதம் ஒரு நாள் ராத்திரி 11.50க்கு அலாரம் வைத்து எழுந்து, அரைக்கண்ணில் பெட்டியைத் தட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். ரேஷன் கடை வரிசையில் பை போட்டு இடம் பிடிப்பது மாதிரி இருந்தது எனக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பெட்டிக்காக அவன் அம்மா கணக்கிலிருந்து 640 ரூபாய் போனது தனிக்கதை. இப்படிக் காசுக்கு விற்கும் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று பெல்ஜியம் 2018இலேயே சொல்லிவிட்டது. நம் நாட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்து 2025இல் சட்டம் வந்தது. ரம்மியைப் பிடித்தவர்கள் இந்தப் பெட்டியையும் திறந்து பார்த்தால் தேவலை.

என் கடையில் நேரம் முடிந்தால் சுவிட்சை அணைப்பேன், அதோடு சரி. பையனைத் தேடி ஆட்டம் வீட்டுக்குப் போனதில்லை. அடுத்த முறை அட்டவணை போடும்போது, பிள்ளை ஆடாத நேரத்தில் அந்த ஆட்டம் அவனைக் கூப்பிடுகிறதா என்றும் ஒரு கட்டம் சேருங்கள்.

பொங்கல் லீவில் பரணிலிருந்து பழைய செட் ஒன்றை இறக்கினேன். கேம் கேசட்டின் பல்லை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவியில் மாட்டினேன். ஓடியது. பேரன் ஒரே பள்ளத்தில் பதினொரு தடவை விழுந்தான். பன்னிரண்டாவது தடவை அவனும் ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கினான். தாண்டியதும் பசிக்கிறது என்று எழுந்து போய்விட்டான்.

கட்டுரை எழுதியவர் இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இரண்டாவது ரிமோட்டில் பி பட்டன் மட்டும் கொஞ்சம் அழுத்தி அமுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய வீடியோ கேம் கடைக்காரர்,
கோவில்பட்டி