முத்திரை எல்லாம் எல்.எஸ்.டி. அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

போதைப்பொருள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை, நாக்கில் வைக்கும் போதை ஏற்றிய தாள் முத்திரைகள் எல்லாவற்றையும், இல்லாததைக் காணவைக்கும் 'எல்.எஸ்.டி.' என்றே சொல்கிறது. உயர்தர மாணவர்களுக்குப் பல வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். இந்த இடத்தைத் திருத்தியே ஆகவேண்டும்.

அதே மாதிரி முத்திரையில், எல்.எஸ்.டி. என்ற பெயரிலேயே பல நாடுகளில் விற்கப்பட்ட வேறொரு பொருள் இருக்கிறது. 25ஐ-என்பிஓஎம்ஈ, பேச்சில் 'என்-போம்'. 2003இல் பேர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஹைம் என்பவர் செரட்டோனின் வாங்கிகள் (மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற இரசாயனம் வந்து ஒட்டும் இடங்கள்) பற்றிய ஆய்வுக்காக உருவாக்கியது. கட்டமைப்பில் எல்.எஸ்.டி. வேறு வகை, இது வேறு வகை. ஒரு பென்சீன் வளையம், அதில் இரண்டு மெதொக்சிக் கூட்டங்களும் ஓர் அயடீன் அணுவும், பக்கத்தில் இரண்டு காபன் அணுக்கள் கொண்ட ஒரு சங்கிலி, அதன் நுனியில் நைதரசன். இவ்வளவோடு நின்றால் அது 2சி-ஐ என்ற இன்னொரு போதைப்பொருள். அந்த நைதரசனில் மெதொக்சிபென்சைல் கூட்டம் ஒன்று சேர்ந்ததும் மூளையில் 2ஏ என்ற செரட்டோனின் வாங்கியை அது பிடிக்கும் பிடி பலமடங்கு இறுகிவிடுகிறது. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவே ஆளை ஆட்டிவிடும். ஒரு கல்லுப்பு மணி அதைவிடக் கனம்! தாளில் ஊற்றிக் காயவிடுகிறவனுக்கே எந்தத் துண்டில் எவ்வளவு ஏறியது என்று தெரியாது.

இல்லாததைக் காண்பதோடு இது நிற்பதில்லை. நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும், உடம்பு கொதிக்கும், வலிப்பு வரும். தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாவதும் உண்டு. வெளிநாடுகளில் இளம் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். 2015இல் ஐ.நா. இதைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

போன மாதம் கல்லடிக் கடற்கரையில் கண்ட என் பழைய மாணவன் ஒருவன், "சேர், எல்.எஸ்.டி.யால ஒருத்தரும் சாகிறதில்லையாமே?" என்று கேட்டான். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. எல்.எஸ்.டி. நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவன் எங்கோ படித்தது ஒரு பொருளைப் பற்றி, நாளைக்கு அவன் கையில் யாரும் வைக்கப்போவது இன்னொன்றாக இருக்கலாம்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, உடம்பைக் குளிர வைத்துத்தான் காப்பாற்றப் பார்ப்பார்கள். வழமையான சிறுநீர்ச் சோதனையிலும் பிடிபடாது. ஆகவே கூட இருந்த பிள்ளைகள் வாய் திறந்தால்தான் வைத்தியருக்கு வழி தெரியும். பொலிசுக்கும் ஊர்வாய்க்கும் பயந்து அறைக்குள் படுக்க வைக்காமல் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும், முத்திரை வைத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த முறை எழுதும்போது இந்த இரண்டையும், என்-போம் என்ற பெயரையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.