தொட்டில் வாங்குவதற்கு முன்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததுமே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். யாமினிக்குக் குழந்தை! சடை பின்ன உட்காரச் சொன்னால் வீட்டைச் சுற்றி ஓடுமே, அந்த யாமினிக்கு! எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எழுத வரவில்லை. நீ இனிமேல் பாட்டி, தெரிந்துகொள். தலைக்குச் சாயம் அடித்து எங்களையெல்லாம் ஏமாற்றியது போதும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது; மறுபடியும் பேப்பரை ஓர் எழுத்து விடாமல் படித்து என்னிடம் ஒப்பிக்கிறார். என் முழங்கால் வழக்கம்போல. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறாய். மரத்தொட்டில் நல்லதா, தானாக ஆடுகிற தொட்டில் நல்லதா, குழந்தைக்கு வேறு என்ன வாங்கி வைக்கலாம் என்று. வசந்தா, இப்போதைக்கு எதையும் வாங்காதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடி, அப்புறம் பேசலாம்.

என் பெண் நிவேதாவின் பிரசவத்திலிருந்து எனக்கு இதே யோசனைதான். எல்லோரும் பிரசவத்துக்குத்தான் பணம் சேர்க்கிறார்கள். அதற்குப் பின்னால் வருகிற மாதங்களுக்கு யாரும் சேர்ப்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவு பெரியதுதான். ஆனால் அது ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடும். வருமானம் குறைவது அப்படியில்லை. மாதாமாதம் வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்கென்று எடுத்து வைத்த பணம் சரியாகப் போதுமாக இருந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். பிறகு ஒரு ராத்திரி குழந்தை தூங்கிய நேரத்தில் எழுந்து வந்தேன். மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் மூன்று தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிவேதாவின் பழைய சம்பளச் சீட்டு, விடுப்புக் காலச் சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் தவணை அட்டவணை. விடுப்புச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் வந்திருந்தது. படிகள் இல்லை, ஊக்கத்தொகை இல்லை. அவர் இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பென்சிலால் எழுதி, சுற்றி வட்டம் போட்டிருந்தார். அந்த வட்டத்தின் மேலேயே பென்சிலைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் தாள் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒன்றுமில்லை அத்தை, சும்மா கணக்குப் பார்த்தேன்" என்றார். யாரிடமும் வாய் விட்டுக் கேட்டுப் பழகாத பிள்ளை. அவள் உள்ளே தூங்குகிறாள், இவர் இங்கே தனியாக உட்கார்ந்து தாளைக் கிழிக்கிறார். எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

நீங்களெல்லாம் என்னைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிட்டீர்களே, அந்தக் கணக்குப்பிள்ளையாகத்தான் இப்போது பேசுகிறேன். சம்பளப் பிரிவில் இத்தனை காலம் இருந்ததில் ஒன்று தெரியும். பேறுகால விடுப்பு உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த நாட்களுக்கான பணத்தை யார் கொடுப்பது, முதலாளியா, காப்பீடா, அரசா? முழுச் சம்பளமா, அதில் ஒரு பங்கா? அந்தப் பங்கை எந்தத் தொகையின் மேல் கணக்கிடுகிறார்கள்? மாதாமாதம் வருமா, எல்லாம் முடிந்த பிறகு விண்ணப்பித்து வாங்குவதா? பல இடங்களில் உதவித்தொகை என்று ஒன்று இருக்கும், ஆனால் சான்றிதழ் எல்லாம் சேர்ந்து கைக்கு வந்து சேரும்போது குழந்தை தவழ ஆரம்பித்திருக்கும். வருகிற தொகை எவ்வளவு என்பதைவிட எந்த மாதம் வருகிறது என்பதுதான் வீட்டுக்கு முக்கியம்.

ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள் பாடு இன்னும் மோசம். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண், ஏழாம் மாதம். ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்றும் புதுப்பிக்கப் போவதில்லை என்றும் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். காரணம் கேட்டால் வேலை குறைந்துவிட்டது என்று பதில். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அடுத்த வாரமே வேறு ஆள். நான் போய்ச் சண்டை போட்டேன், மேலே எழுதிக் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.

இதெல்லாம் உலகம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா, சொல். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கிய 1919ஆம் வருஷமே, வாஷிங்டனில் நடந்த முதல் மாநாட்டிலேயே பேறுகாலப் பாதுகாப்புக்கென்று தனியாக ஓர் உடன்படிக்கை போட்டார்கள். குழந்தை பிறந்த பின் ஆறு வாரம் வேலைக்குக் கூப்பிடக் கூடாது, அந்தக் காலத்துக்குத் தாயும் பிள்ளையும் பிழைக்கப் பணம் கொடுக்க வேண்டும், வேலைக்குத் திரும்பியபின் பால் கொடுக்கத் தினமும் இரண்டு அரை மணி நேரம் விட வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்தது! 2000ல் வந்த உடன்படிக்கை மொத்த விடுப்பை 14 வாரமாக்கி, கொடுக்கிற பணம் பழைய வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது என்றது. ஆனால் அதுவும் ஒருவரிடம் வேலை பார்க்கிற பெண்களுக்குத்தான்.

இங்கேதான் எனக்கு யாமினியைப் பற்றிக் கவலை பிடித்துக்கொண்டது. அவள் சொந்தமாக வேலை பார்க்கிறவள். படம் வரைந்து கொடுத்தால் காசு, கொடுக்காவிட்டால் இல்லை. அவளுக்கு விடுப்பு கொடுக்க யார் இருக்கிறார்கள்? உன் மாப்பிள்ளை சம்பளம் ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை மாதம்? அவள் மனதில் ஒரு கணக்கு இருக்கும், அவர் மனதில் வேறொன்று இருக்கும், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். நீ பேச வை. சொந்தத் தொழில் செய்கிறவர்களும் சந்தா கட்டிச் சேர்ந்துகொள்கிற திட்டம் சில நாடுகளில் உண்டு. ஆனால் இத்தனை மாதம் முன்பே கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பார்கள். மருத்துவக் காப்பீட்டிலும் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். இருக்கிற பாலிசியை எடுத்து அந்தச் சின்ன எழுத்துப் பக்கத்தைப் படிக்கச் சொல். பிறந்த குழந்தையின் பெயரை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கும். பிறப்புச் சான்றிதழ் வாங்குகிற வேலையை யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும். அது இல்லாமல் மற்ற எந்த விண்ணப்பமும் நகராது.

ஆகையால் தொட்டிலுக்கென்று நீ வைத்திருக்கிற பணத்தை என்ன செய்வது என்று நான் சொல்கிறேன். அதை நாலைந்து பங்காகப் பிரித்து, அவள் வேலை பார்க்க முடியாத மாதங்களில் அவள் கணக்கிலேயே போடு. அவர் கணக்கில் வேண்டாம், அவள் கணக்கில். எதற்குச் செலவழித்தாய் என்று கேட்காதே. கடன் என்றும் சொல்லாதே. கையில் தன் பணம் என்று கொஞ்சம் இருந்தால்தான் ஒரு பெண் அந்த நேரத்தில், "எனக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாமா?" என்று வாய் திறந்து கேட்பாள்.

குழந்தைக்குச் சாமான் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பின்லாந்தில் பிரசவப் பெட்டி என்று ஒன்று கொடுக்கிறார்களே, கேள்விப்பட்டிருப்பாய். 1938ல் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு என்று ஆரம்பித்து, 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் என்று ஆக்கினார்கள். துணி, போர்வை, சின்ன மெத்தை எல்லாம் உள்ளே இருக்கும். அந்த அட்டைப் பெட்டியிலேயே குழந்தையைத் தூங்க வைக்கலாம். பெட்டி வேண்டாம் என்றால் பணமாக வாங்கிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது அதில் வைத்த நிபந்தனைதான். நான்காம் மாதம் முடிவதற்குள் தாய் ஒரு தடவையாவது மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். பெட்டி வாங்க வருகிற சாக்கில் பரிசோதனையும் ஆகிவிடுகிறது. யோசித்துச் செய்திருக்கிறார்கள் பார்.

அதைவிட எனக்குப் பிடித்தது நெதர்லாந்து ஏற்பாடு. பிரசவம் ஆனபின் முதல் எட்டு நாள் வாக்கில் பயிற்சி பெற்ற ஒருத்தி வீட்டுக்கே வருவாள். தாயின் காயத்தைப் பார்ப்பாள், பால் குடிக்க வைக்கச் சொல்லிக் கொடுப்பாள், குழந்தையின் எடையைக் குறிப்பாள். அதோடு விடவில்லை. வீட்டைக் கூட்டுவாள், துணி துவைப்பாள், மூத்த பிள்ளையையும் பார்த்துக்கொள்வாள். காப்பீட்டிலேயே அதற்கு வழி உண்டு. வீட்டு வேலையும் மருத்துவத்தில் ஒரு பகுதி என்று புரிந்த யாரோதான் இதை வகுத்திருக்க வேண்டும்.

நிவேதா வீட்டுக்கு யார் யாரோ வந்தார்கள். குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு, மூக்கு யார் ஜாடை என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். தையல் போட்ட உடம்போடு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நம் சரசு வந்தாள் ஒரு நாள். உனக்குத் தெரியுமே, அவள் வந்தால் வாய் பேசாது, கை பேசும். நேரே போய்த் தொட்டியில் கிடந்த பாத்திரத்தைத் தேய்த்தாள். கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை எடுத்து வந்து, ஒற்றைக் கையால் எடுக்க வசதியாகச் சட்டை ஒரு அடுக்கு, துணி நாப்கின் ஒரு அடுக்கு என்று கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். குப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். குழந்தையைத் தூக்கக்கூட இல்லை. நிவேதா அன்றைக்கு மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும் வசந்தா. அதை அவளுக்குப் பதிலாக யாரும் செய்ய முடியாது. மீதி எல்லாவற்றையும் செய்யலாம்.

நீ போய் இருக்கும்போதும் அதை நினைவில் வை. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டு உட்காராதே. சொல்ல மாட்டாள், உன் பெண்தானே. "செவ்வாயும் வெள்ளியும் துணி என் பொறுப்பு" என்று சொல், செய்.

மாப்பிள்ளையையும் விடாதே. உங்கள் வீட்டுக்காரர் யாமினி பிறந்தபோது தூரத்தில் நின்று எட்டிப் பார்த்த கதையை நான் இன்னும் மறக்கவில்லை, மல்லிகாவும் மறந்திருக்க மாட்டாள். அந்தக் காலம் போகட்டும். நார்வேயில் 1993ல் தகப்பனுக்கென்றே நான்கு வாரம் ஒதுக்கினார்கள். அவர் எடுக்காவிட்டால் அந்த நாட்கள் குடும்பத்துக்கே கிடையாது. அதற்கு முன்பு விடுப்பு எடுத்த அப்பாக்கள் மிகச் சிலர். சில வருஷத்திலேயே பெரும்பாலானவர்கள் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எடுக்கலாம் என்று சொல்லிவைத்தால் ஆண்கள் தயங்குகிறார்கள், அது அவர்களுடைய நாள் என்று ஒதுக்கிவிட்டால் எடுக்கிறார்கள். ராத்திரி ஒரு பாதியில் குழந்தைக்கு உடுத்துவதும் தட்டிக் கொடுப்பதும் அவர் வேலை என்று இப்போதே முடிவு செய்துகொள்ளட்டும்.

மல்லிகா பெயரை எழுதிவிட்டேன். பிரசவத்துக்குப் பின் அவள் பட்ட பாட்டை நினைக்காமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது. அப்போது நாம் என்னென்ன சொன்னோம், மற்றவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்று உனக்கும் நினைவிருக்கும். பிரசவம் ஆன முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வரும், அது தானாகச் சரியாகும். இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால், குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், நான் இல்லாமல் போனால் நல்லது என்கிற மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால், மறுநாள் என்று தள்ளாதே. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போ. பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987லிருந்து எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது, பத்தே கேள்வி, ஐந்து நிமிஷம் ஆகும். அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி நீயே கேள். அப்பாக்களுக்கும் இந்தச் சோர்வு வருவதுண்டு, அவரையும் கவனி. குழந்தை எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். யாமினியிடம் அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு, அவள் பதில் சொல்லட்டும்.

தொட்டிலுக்குப் பதில் சொல்லவில்லையே என்று முணுமுணுக்காதே. ஆடுகிற தொட்டில் வேண்டாம். கெட்டியான, சமமான படுக்கை, தலையணை கிடையாது, மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். நிவேதா குழந்தையின் சின்னக் கட்டில் சும்மா கிடக்கிறது, அனுப்பி வைக்கிறேன். துணியும் ஒரு மூட்டை தருகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. யாமினியிடம் கேட்டு அவர்கள் வாடகை, கடன் தவணை, காப்பீடு எல்லாம் எந்தத் தேதியில் போகிறது, அவளுக்கு எங்கிருந்தெல்லாம் காசு வர வேண்டியிருக்கிறது என்று எழுதி அனுப்பச் சொல். மாதவாரியாக வரவு செலவு போட்டு, எந்த மாதம் இடிக்கும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். அவளுக்குக் கூச்சமாக இருந்தால் நேரே எனக்கே எழுதட்டும், உனக்குக் காட்ட மாட்டேன் என்று சொல். பிரசவமாகி மூன்றாம் மாதம் நீ ஊருக்குத் திரும்ப வேண்டி வரும் என்று எழுதியிருந்தாயே, அப்போது நான் போய் இருக்கிறேன். அவரிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சுந்தரி

பி.கு. சரசுவின் புது முகவரியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ உடனே பதில் போடு, போன தடவை மாதிரி ஏங்கி ஏங்கிக் காத்திருக்க வைக்காதே.