முதன்முதலாக ஓட்டுபவருக்குப் பழைய வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கோ வேலைக்கோ செல்லும் பிள்ளைகளுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது நம் ஊர்களில் வழக்கமாக நடப்பதுதான். புது வண்டிக்குக் கடன் வாங்க வேண்டிய நிலையிலுள்ள குடும்பம், ஓட்டிப் பழகப் பழைய வண்டி போதும் என்று முடிவெடுப்பதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால், இருசக்கர வாகனப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், வாங்கிய கையோடு என்னிடம் கொண்டுவரப்படும் வண்டிகளைப் பார்க்கும்போது, நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கூட யோசித்து ஏற வேண்டிய வண்டியை, கியர் மாற்றவே இனிமேல்தான் பழகப்போகும் பிள்ளைக்கு வாங்கித் தந்துவிடுகிறார்களே என்ற கவலை ஏற்படுகிறது.

யமஹா ஆர்எக்ஸ் 100 மீது இளைஞர்களுக்குள்ள மோகம் இதற்கு முதல் காரணம். 1985 முதல் 1996 வரை தயாரான வண்டி அது. கடைசியாக வந்ததற்கே கால் நூற்றாண்டைத் தாண்டிய வயது. அதன் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வேண்டிய ஆயிலைத் தனித் தொட்டியிலிருந்து ஒரு சிறிய பம்ப் எடுத்துக் கொடுக்கும். இன்று பல வண்டிகளில் அந்தப் பம்பை நீக்கிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டுகிறார்கள். விற்பவர் இதைச் சொல்லாமல் விட்டால், வாங்கிய பையன் வெறும் பெட்ரோலைப் போட்டு ஓட்ட, பிஸ்டன் ஜாம் ஆகிப் பின்சக்கரம் திடீரென இறுகிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும் என்பது பழகிய கைக்குத்தான் தோன்றும். அசல் உதிரிபாகங்கள் கிடைக்காமல் டூப்ளிகேட்டில் காலம் தள்ளுவது வேறு கதை.

பழைய புல்லட்டும் அப்படித்தான். கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் உள்ள வண்டியில் பழகிவிட்டு, நாளை நண்பனின் வண்டியில் ஏறும் பிள்ளை, அவசரத்தில் எந்தக் காலை மிதிக்கும்? 110 கிலோ எடையுள்ள ஸ்பிளெண்டரையே வீட்டு வாசலில் திருப்பத் தடுமாறுபவருக்கு, அதைவிட 50 கிலோவுக்கு மேல் கனமான வண்டி எதற்கு?

என் கருத்தில், முதல் வண்டிக்குப் பொருத்தமானது 100 முதல் 125 சிசி வரையிலான, நான்கு ஸ்ட்ரோக், செல்ஃப் ஸ்டார்ட் உள்ள, பத்து ஆண்டுகளுக்கு உட்பட்ட சாதாரண வண்டியே. பார்ப்பதற்கு அப்பா ஓட்டும் வண்டி போல இருக்கிறது என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கையிருப்பு இடம் கொடுத்தால், 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டியாகத் தேடுவது இன்னும் நல்லது. அப்போதிலிருந்து 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இரு பிரேக்குகளையும் இணைத்து இயக்கும் சிபிஎஸ் வசதியும், அதற்கு மேற்பட்டவற்றில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமாக்கப்பட்டன. பின் பிரேக்கை மட்டுமே மிதிக்கும் பழக்கமுள்ள புதியவருக்கு சிபிஎஸ் உண்மையிலேயே கைகொடுக்கிறது.

வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சின் அருகே கையைக் கொண்டுசென்று பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியை நீங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கக்கூடும். ஆறிய பின் வருகிறேன் என்று சொல்லத் தயங்க வேண்டாம். அடுத்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன்சக்கரம் தூக்கிய நிலையில் ஹேண்டில்பாரை மெதுவாக இருபுறமும் திருப்ப வேண்டும். நேராக வரும் இடத்தில் லேசாகக் 'கடக்' என்று பிடித்தால், ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டி மெதுவாகப் போகும்போது நேர்க்கோட்டில் நிற்காது, புதியவரோ தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். டிரம் பிரேக்கை மிதிக்கும்போது சக்கரத்தருகே உள்ள நெம்புகோலுக்கும் அதை இழுக்கும் கம்பிக்கும் இடையிலான கோணம் 90 டிகிரியைத் தாண்டினால், டிரம்மை உரசி வண்டியை நிறுத்தும் லைனர் தேய்ந்து முடிந்துவிட்டது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2315 என்றிருந்தால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர், மேலே உள்ள பட்டன் (ரப்பர் கட்டைகள்) தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். சைலன்சரில் நீலப் புகை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் கசிவு ஆகியவை கண்ணுக்கே தெரியும். இவ்வளவையும் பார்த்துவிட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கடைசியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

ஆவண விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். வண்டியின் மீதிருந்த பழைய கடன் பதிவு அதிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. அதனால் 14 ஆண்டு ஆன வண்டி மலிவாகக் கிடைப்பது மலிவே அல்ல. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30இல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலேயே கைமாறிக்கொண்டிருக்கும் வண்டிகள் ஏராளம். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே விற்பவருக்கும் பெயர் மாற்றம் அவசரமான வேலைதான். வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் தம் பெயருக்கு மாற்ற வேண்டும்.

பதிவான வாகனங்களை வாங்கி விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சாலையோரத்தில் வரிசையாக வண்டிகளை நிறுத்தி விற்கும் எத்தனை கடைகளில் அந்தச் சான்று மாட்டியிருக்கிறது என்பதைப் போக்குவரத்துத் துறை நேரில் சென்று பார்க்க வேண்டும். சான்று இல்லாத கடைகளுக்கு அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் பெறாதவர்கள் மீது நடவடிக்கை எடுத்தால், பெயர் மாறாத வண்டிகளின் புழக்கம் பாதியாவது குறையும் என்பது என் எண்ணம்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
திண்டுக்கல்.