கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்குமா?

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய படிவம் கிடைத்தது மனே. தங்கச்சி கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து தந்தாள். உனக்கு ஏ.டி.எச்.டி., அதுதான் கவனம் நிற்காமல் துருதுருவென்று இருக்கிற நிலை, இருக்கிறதா என்று பார்க்க, 12 வயதுக்கு முன்னம் நீ எப்படி இருந்தாய் என்று லண்டன் டொக்டர் பெற்றவர்களிடம் கேட்கிறார். பேனையை எடுத்தால் முதல் கேள்விக்கே கை ஓடவில்லை. இதே மாதிரிக் கேள்விகளுக்கு ஒருதரம் அவசரப்பட்டுப் பதில் சொன்னவள் நான். இந்த முறை கட்டங்களை நிரப்ப முதல் உனக்கே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

2006ஆம் ஆண்டு உன்னைக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். உனக்கு 5 வயது. பேச்சு பிந்தித்தான் வந்தது. மூன்றரை வயதுக்குப் பிறகுதான் நாலு சொல் சேர்த்துக் கதைத்தாய். சுனாமியில் கல்லடி வீடு போய், முகாமில் கிடந்து எழும்பின காலம் அது. பயத்தில்தான் பேச்சு வரவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. கொழும்புக்கு பஸ்ஸில் ஒரு முழுப் பகல் போனது. வழியெல்லாம் இறக்கி ஏற்றிச் சோதனை. அன்றிரவு நீ நித்திரை கொள்ளவே இல்லை. அந்தக் கோலத்தில்தான் விடிய உன்னை டொக்டருக்கு முன்னால் இருத்தினோம். நீ அவரைப் பார்க்கவில்லை, மேலே சுற்றிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் இங்கிலீசில் கேட்க, ஒரு தாதி தமிழில் சொன்னா.

“கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்குமா?”

நான் “இல்லை” என்றேன். எப்போது, எங்கே, யார் கூப்பிட்டால் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அரை மணித்தியாலத்தில் ஓட்டிசம், அதாவது மற்றவர்களோடு பழகுவதும் கதைப்பதும் வேறுமாதிரி இருக்கிற நிலை, என்று எழுதின துண்டோடு வெளியே வந்தோம்.

இப்போது சொல்கிறேன். பக்கத்து வளவில் மேசன் சீமெந்து குழைப்பதை நீ பார்த்துக்கொண்டு நின்றால், நான் குசினிக்குள் இருந்து பத்துத்தரம் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாய். ஆனால் ஒழுங்கைக்குள் பொடியன்கள் பந்து தட்டுகிற சத்தம் கேட்டால் போதும், சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடுவாய். மாமாவின் மகனைச் சாரதியாக்கி, நீ கண்டக்டராகி, வாங்கில் நாலு பிள்ளைகளை இருத்தி, “ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, ஏறுங்க ஏறுங்க” என்று கத்துவாய். காசு தராத பிள்ளையோடு சண்டை பிடிப்பாய், பிறகு இரங்கி ஓசியில் ஏற்றுவாய். ஓட்டிசமா என்று அறிய, இப்படி ஆளுக்கு ஆள் கதை வளர்த்து விளையாடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய முக்கியமான விசயங்களில் ஒன்று என்று இப்போதுதான் வாசித்து அறிகிறேன். அந்த அறையில் ஒரு பிளாஸ்ரிக் கார் இருந்தது. உன்னோடு விளையாட ஒரு பிள்ளை இருக்கவில்லை.

வழக்கம் மாறினால் ஓட்டிசம் உள்ள பிள்ளை தாங்காது என்றும் சொன்னார்கள். உனக்கு வழக்கம் என்று ஒன்று பிடிபட்டதே இல்லையே! ஒரு தவணைக்கு மூன்று தண்ணீர்ப் போத்தல் துலைத்தாய்.

தேங்காய் விசயம் உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. உனக்கு 8 வயது. ஒரு தேங்காயும் கால் கிலோ பருப்பும் வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். கடை ஐந்து நிமிச நடை. முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தாய். கை இரண்டும் கிறீஸ். சைக்கிள் கடையில் செயின் பூட்ட உதவி செய்திருக்கிறாய். வாசலில் நின்றே அதை எப்படிப் பூட்டுவது என்று விளக்கத் தொடங்கிவிட்டாய், அவ்வளவு சந்தோசம். “தேங்காய் எங்க மனே?” என்றேன். உன் முகம் அப்படியே விழுந்தது. அது மறைக்கிற முகம் இல்லை, தேங்காய் என்ற சொல்லே உன் தலையை விட்டுப் போயிருந்தது. அது தெரிந்தும் அன்றைக்கு உனக்கு அடித்தேன். இதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அந்த டொக்டரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1994இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூல், டி.எஸ்.எம். நாலாம் பதிப்பு, ஓட்டிசம் என்று எழுதின பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்றும் சேர்த்து எழுத விடவில்லை. உலக சுகாதார அமைப்பின் நோய்ப்பட்டியல், ஐ.சி.டி. பத்தாம் பதிப்பும் அப்படித்தான். 2013இல் டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு வந்த பிறகுதான் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். உனக்கு ஒரு பெயர் விழுந்த நாளிலேயே மற்றக் கதவு பூட்டுப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு நீ எதை மறந்தாலும், எங்கே ஓடினாலும், எல்லாம் ஓட்டிசம் என்ற கணக்கில்தான் போனது.

எனக்குப் பொறுக்காதது அதற்குப் பிறகு நடந்தவைதான். வகுப்பில் இருக்க வேண்டிய உன்னை இரண்டு வருசம் விசேட கல்வி அலகில் இருத்தினார்கள். கலைவிழாவுக்குப் பெயர் கொடுத்தால், “கரைச்சல் வரும், வேண்டாம்” என்றார்கள். நானும் பயந்து ஒதுங்கினேன். மாமாங்கத் தீர்த்தத்துக்கு உன்னை விட்டுவிட்டு தங்கச்சியை மட்டும் கூட்டிக்கொண்டு போன வருசமும் இருக்கிறது.

சரி, மற்றப் பக்கத்தையும் மறைக்காமல் படிவத்தில் எழுதுவேன். பேச்சு பிந்தினது உண்மை. சேட் கழுத்தில் இருக்கும் லேபல் துண்டை வெட்டாமல் நீ போட மாட்டாய். வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போவாய், அது யுத்தத்தாலா வேறெதனாலா என்று பிரிக்க என்னால் முடியாது. அம்மம்மா செத்தபோது எல்லாருக்கும் நீதான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாய். இரக்கம் உள்ள பிள்ளைக்கு ஓட்டிசம் இல்லை என்று மாமி அதை இன்றைக்கும் சொல்லுவா. அந்தக் கதை பிழை, ஓட்டிசம் உள்ளவர்களுக்கும் இரக்கம் நிறைய உண்டு. ஆகவே அதை நான் சாட்சியாக எழுத மாட்டேன். என் மனதுக்குப் படுவது ஏ.டி.எச்.டி.தான். இரண்டும் இருக்கிறது என்று அவர்கள் சொன்னாலும் நீ மனம் உடையாதே. பேச்சுப் பயிற்சி தந்த மிஸ் உனக்குச் செய்த நன்மை, எந்தப் பெயர் வந்தாலும் நன்மைதான்.

இன்னொன்று, அப்பாவைப் பற்றியும் சொல்லு. ஏ.டி.எச்.டி. குடும்பத்தில் இறங்கி வருவது என்கிறார்கள். அவர் தொடங்கின கோழிக்கூடு ஆறு வருசமாகக் கூரை இல்லாமல் நிற்கிறது. ஆனால் தோணி இயந்திரம் பழுதென்றால் சாப்பாடு தண்ணி இல்லாமல் விடியும்வரை இருந்து திருத்துவார். மருந்து தொடங்குவதென்றால், அப்பப்பா இளவயதிலேயே நெஞ்சுவலி வந்து திடீரென்று போனவர் என்பதைக் கட்டாயம் சொல்லு. அந்த மருந்து நெஞ்சுத் துடிப்பையும் பிறசரையும் கூட்டும், அதனால் கேட்பார்கள்.

உன் நாலாம் ஆண்டு றிப்போட் அலுமாரிக்குள் இருந்தது. 2010, இரண்டாம் தவணை. ஓரம் கறையான் அரித்திருக்கிறது, எழுத்துத் தெரிகிறது. வகுப்பாசிரியர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: “வாயால் கேட்டால் எல்லாம் தெரியும். எழுதத் தொடங்கி முடிப்பதில்லை. கொப்பி கொண்டுவருவதில்லை.” ஏ.டி.எச்.டி. அறிகுறி 7 வயதுக்கு முன்னமே இருந்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2013இல்தான் 12 ஆக்கினார்கள். இந்த றிப்போட் எழுதினபோது நீ 9 வயதுப் பிள்ளை, அதனால் இந்தத் தாளும் சாட்சிக்கு வரும். தங்கச்சி படம் எடுத்து வட்ஸப்பில் போடுவாள், மூலத்தை மாமா வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

வருகிற செவ்வாய் உனக்குப் பகல் இரண்டு மணிக்கு என்றாய், இங்கே பின்னேரம் ஆறரை. டொக்டர் என்னோடு கதைக்க விரும்பினால் போனைக் கொடு. தமிழில் சொல்கிறேன், நீயே மொழிபெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்குமா என்ற கேள்வி இதிலும் இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில். அதற்குக் கொடுத்த இரண்டு வரி போதவில்லை, பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா
கல்லடி