இரவுப் பணியில் இருக்கும் காவலர்களுக்கு ஒரு கடைக்காரரின் மடல்

மதிப்பிற்குரிய ஏட்டையாக்களுக்கும், ஸ்டேஷன் ரைட்டர்களுக்கும், பாரா நிற்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

காவல் துறையைப் பற்றி மடல் எழுதுபவர்கள் வழக்கமாக டி.ஜி.பி.க்கு எழுதுவார்கள், இல்லாவிட்டால் முதலமைச்சருக்கு எழுதுவார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். அடிக்கச் சொல்லி உத்தரவு போடுவது நீங்கள் இல்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு நிலையத்துக்குள் என்ன நடந்தாலும் அது உங்கள் காதில் விழாமல் நடக்காது. அப்புறம் அதை என்னவென்று எழுதி வைப்பது என்று வரும்போது பேனாவும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். நோட்டு, பேனா, ஜெராக்ஸ், செல்போன் ரீசார்ஜ். 2020 ஊரடங்கில் கடை திறக்கும் நேரம் அடிக்கடி மாறியது. ஒரு வாரம் மதியம் ஒரு மணி, பிறகு ஐந்து மணி, பிறகு எட்டு மணி. அரசாணை தொலைக்காட்சியில் ஒரு மாதிரி வரும், ஜீப்பில் கட்டிய மைக்கில் வேறு மாதிரி வரும். ஒருநாள் சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து லத்தியால் ஷட்டரில் ஓர் அடி விழுந்தது. தகரச் சத்தம் கடைக்குள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் எப்போதும் வெளிப்பக்கம்தான் நிற்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை அடுக்கிக்கொண்டிருந்த என் மகன் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "அடைச்சிட்டேன் சார்" என்றேன். ஜீப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்த வருடம் தமிழ்நாட்டில் இந்த அனுபவம் இல்லாத கடைவீதி இருந்திருக்காது.

அதனால்தான் ஜூன் மாதக் கடைசியில் சாத்தான்குளம் செய்தி வந்தபோது எங்களில் யாரும் அதை வேறு ஏதோ ஊர்ச் சமாச்சாரமாகப் படிக்கவில்லை. செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜ், அறுபதை நெருங்கியவர். அவர் மகன் பென்னிக்ஸுக்கு 31 வயது. ஜூன் 19ஆம் தேதி சாயங்காலம், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னவென்று கேட்க மகன் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போனார். மறுநாள் இருவரையும் ரிமாண்ட் செய்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 22ஆம் தேதி ராத்திரி மகன் இறந்தார். 23ஆம் தேதி காலை அப்பா இறந்தார். மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு என்று முதலில் அரசு தரப்பில் சொன்னார்கள். லுங்கி ரத்தத்தில் நனைந்து நனைந்து, மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றும், அடர்ந்த நிறத்தில் கொண்டுவரச் சொன்னார்கள் என்றும் குடும்பத்தினர் சொன்னார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரம் நாங்கள் கடையடைத்தோம். ஊரடங்கில் பாதி வியாபாரம் போயிருந்த நிலையிலும் அன்று கடையைத் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த வழக்கின் எஃப்.ஐ.ஆர். ஒரு தலைமைக் காவலர் கொடுத்த புகாரின் பேரில் பதிவானது. இருவரும் தரையில் உருண்டு புரண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டது என்று அதில் இருந்தது. பக்கத்துக் கடை கேமராவில் அப்படி யாரும் உருளவில்லை. யாரோ ஒருவர் சொல்ல, இன்னொருவர் உட்கார்ந்து நிதானமாக எழுதியிருக்கிறார். எழுதிய பிறகு எந்த இடத்திலும் அது தடைபடவில்லை. அரசு மருத்துவமனையில் சிறைக்கு அனுப்பலாம் என்று சான்று கிடைத்தது. நீதித்துறை நடுவர் காவலில் வைக்க உத்தரவிட்டார். சிறையில் வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் அந்த ஒரு தாளைத்தான் பார்த்தார்கள், எதிரே நின்றவர்களைப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் அது எப்படிப்பட்ட காலம்? சிறைகளில் தொற்று பரவிவிடும், ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள வழக்குகளில் இருப்பவர்களை வெளியே விடுவது பற்றிப் பரிசீலியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23ஆம் தேதியே மாநிலங்களுக்குச் சொல்லியிருந்தது. ஊரடங்கை மீறியதற்கு நீங்கள் போட்ட, அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனையே ஆறு மாதமாகத்தான் இருந்தது. அந்தப் பிரிவில் காவல் துறை நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருந்தது. ஆக, கடை நேரத்துக்காக ஒருவரை நிலையத்துக்கு இழுத்துப்போக வேண்டிய தேவையே இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, கோவில்பட்டி நீதித்துறை நடுவரை விசாரிக்க அனுப்பியது. அவர் போனபோது நிலையத்தில் ஒத்துழைப்பு இல்லை. அவரையே இழிவாகப் பேசினார்கள். நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. கேமரா இருந்தது, ஹார்டு டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிந்துவிடும்படி அதை வைத்திருந்தார்கள். இத்தனை கதவுகளையும் அடைத்த பிறகும் உண்மை வெளியே வந்ததென்றால், அன்று பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறந்ததுதான் காரணம். விடிய விடிய அடித்தார்கள், மேசையிலும் லத்தியிலும் ரத்தக் கறை இருக்கிறது என்று அவர் சொன்னார். சொல்லும்போது பயந்தார், கையெழுத்துப் போடத் தயங்கினார் என்று நடுவரின் அறிக்கை சொல்கிறது. வெளியே சக காவலர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பாதுகாப்பும் சம்பளத்தோடு விடுப்பும் தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கைதான பத்துப் பேரில் ஒருவர் கொரோனாவில் இறக்க, மற்ற ஒன்பது பேர் மீது மதுரையில் விசாரணை நடந்தது.

சாட்சி சொன்ன அந்தப் பெண்ணும் உங்களைப் போல ஒரு ஏட்டுதான். அதே சம்பளம், அதே குவார்ட்டர்ஸ், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிய அதே கவலை. அவர் பேசினார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் காவல் உடை போட்ட ஒருவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை இருக்கிறதென்றால் அது அவரால் வந்தது.

சாத்தான்குளத்துக்குச் சில வாரம் முன்புதான், மே 25ஆம் தேதி, அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். ஊரே கொந்தளித்தது, நிலையம் எரிந்தது. முழங்கால் வைத்தவருக்குத் தண்டனை கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். கூட இருந்த மூன்று போலீஸ்காரர்களை 2022 பிப்ரவரியில் அங்குள்ள மத்திய நீதிமன்ற ஜூரி குற்றவாளிகள் என்று சொன்னது இங்கே அதிகம் பேசப்படவில்லை. சாகக் கிடந்தவருக்கு மருத்துவ உதவி செய்யவில்லை என்று மூவர் மீதும், தடுக்கவில்லை என்று அவர்களில் இருவர் மீதும் குற்றம் நிரூபணமானது. தடுக்காமல் இருந்ததே குற்றம் என்று நம் ஊரிலும் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

நீங்கள் பட்ட பாடும் எனக்குத் தெரியும். சாத்தான்குளத்துக்கு இரண்டே நாள் முன்பு, ஜூன் 17ஆம் தேதி, சென்னை மாம்பலம் இன்ஸ்பெக்டர் கொரோனாவில் இறந்தார். மார்ச்சிலிருந்து முகக்கவசத்தோடு வெயிலில் செக்போஸ்ட்டில் நின்றீர்கள். வார விடுப்புக்கே 2021 நவம்பரில்தான் அரசாணை வந்தது. எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்த காவலரை நான் மறக்கவில்லை. அதே காக்கியைப் பார்த்தால் பயந்து ஒதுங்க வேண்டியிருப்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

சாத்தான்குளத்துக்குப் பிறகு எல்லாம் மாறிவிடும் என்று நம்பினோம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் இரவிலும் தெரிகிற, ஒலியும் பதிவாகிற கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சரி, கேமரா வந்தது. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை நகைத் திருட்டுப் புகாரில் தனிப்படைக் காவலர்கள் விசாரித்தபோது, கோயிலின் பின்புறம் வைத்து அடித்தார்கள். அங்கே ஏது கேமரா? கழிவறையில் ஒளிந்துகொண்டு ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோதான் சாட்சியாக வந்தது. அவரும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு சாதாரண ஆள்தான்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். ஒருவரை உள்ளே கொண்டுவந்த நேரத்தைப் பொது நாட்குறிப்பில் வந்த நேரமாகவே எழுதுங்கள். கூட்டி வந்ததை வீட்டாருக்குச் சொல்ல வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்த ஒரு போனை நீங்கள் போடலாம். ஊமைக்காயம் என்று எழுதச் சொன்னால் காயத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லுங்கள். அய்யா, போதும், ஆள் தாங்கமாட்டான் என்று ஒரு குரல் அன்றைக்கு அந்த அறையில் சேர்ந்து எழுந்திருந்தால் அந்த அப்பாவும் மகனும் பிழைத்திருப்பார்கள் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். சொன்னால் இடமாற்றம் வரும், மெமோ வரும், கூட்டத்தில் ஒதுக்கி வைப்பார்கள் என்பது தெரிந்தேதான் கேட்கிறேன்.

கேட்டுவிட்டு நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறேன். காவல் சித்திரவதைக்கு எதிராகச் சாட்சி சொல்லும் காவலர் யாராக இருந்தாலும், அவருக்கு வக்கீல் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுப்பது. அதனால் அவருக்குச் சம்பளம் நின்றுபோனால், அது திரும்ப வரும்வரை அவர் வீட்டு மளிகை எங்கள் பொறுப்பு. சிலர் தயங்கினார்கள், அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுப்போம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். மறுபடி எடுப்பேன். அதற்குள் உங்களில் யாருக்காவது அப்படி ஓர் இரவு வந்தால், தீர்மானத்துக்குக் காத்திருக்க வேண்டாம். என் கடையிலிருந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கடைக்காரர்