முதல் ஊசி யாருக்கு? தேவகோட்டை சாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். முடிவெடுத்துவிட்டேன். வருகிற மாதம் முதல் என்னிடம் மயக்கவியல் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், நோயாளி இல்லாமலே ஊசி போட்டுப் பழகும் கணினிக் கருவியான சிமுலேட்டரில் தேறாமல், எந்த நோயாளிக்கும் நரம்பை மரத்துப்போகச் செய்யும் பிளாக் ஊசி போடக்கூடாது. ஊரார் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். தனியாக எழுதியிருந்தால் நீங்கள் பதில் போட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த ஆத்தங்குடிக்காரரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். டைல் வார்ப்பவர், முன்கை எலும்பு முறிந்து வந்தவர், நக இடுக்கில் காவிச் சாயம் போகாமல் இருந்தது. எந்த மருத்துவமனை என்பதை எழுத மாட்டேன். காறை எலும்புக்கு மேலே ஸ்கேன் கருவியின் புரோப்பை வைத்ததும், துடிக்கும் தமனியும் அதன் ஓரத்தில் திராட்சைக் கொத்துப் போல நரம்புப் பின்னலும், அடியில் முதல் விலாவும், அதையொட்டி நுரையீரல் உறையும் திரையில் தெரிந்தன. நான் செலுத்திய ஊசியின் நுனி மட்டும் தெரியவில்லை. "அந்தப் பிள்ளை புதுசாங்கய்யா?" என்று அவர் கேட்டார். "எல்லாம் நான்தான் போடுறேன்" என்றீர்கள். பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்து இம்மியளவு திருப்பினீர்கள்; நுனி பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பிடியில் இருந்த பொறுமையை நான் என் வீட்டிலும் கண்டதில்லை. ஆனால் அவரிடம் நீங்கள் சொன்னது பொய், சார். கற்றுக்கொண்டது நான், பிசகியிருந்தால் ஓட்டை விழுந்திருப்பது அவருடைய நுரையீரலில். எதைத் திருத்தினீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, "கை சொல்லும்" என்றதோடு சரி.

சிமுலேட்டர் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. நுனியைக் காணாமலே ஊசியைத் தள்ளுவதும், திரையைப் பார்த்தபடி புரோப்பைத் தன்னையறியாமல் நகர்த்துவதும் புதியவர்களின் வழக்கமான பிழைகள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல; அந்தக் கணத்திலேயே நிறுத்தி, படத்தைத் திருப்பி, ஊசி உண்மையில் எங்கே நிற்கிறது என்று காட்ட அதனால் முடிகிறது. தசைப்படலத்தை ஊசி கடக்கும்போது விரலில் தட்டுப்படும் அந்த உணர்வு அதில் சரியாக வருவதில்லை, பயந்து கழுத்தைத் திருப்பும் நோயாளியும் அதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் பிறகு ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறதே.

வியன்னாவில் மயக்க மருத்துவர் காப்ரலும் குழுவினரும் ஸ்கேன் பார்த்து இதே பிளாக்கைப் போட்டு அதை வெளியிட்ட 1994-இல்தான், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டமும் இங்கே வந்தது. சட்டம் நியாயமானதே; ஆனால் அதன்படி ஒரு ஸ்கேன் பெட்டியைப் பதிவுசெய்து தியேட்டருக்குள் கொண்டுவர நீங்கள் அலைந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். மூத்தவர்களெல்லாம் சிரித்தபோது திரையை நம்பியவர் நீங்கள். அதே நீங்கள் சிமுலேட்டரை வீடியோ கேம் என்று நாலு பேர் முன்னால் சொன்னதாகக் கேள்விப்பட்டது, உண்மையைச் சொன்னால், வலித்தது.

காரைக்குடிக்கு ஒரு நாள் வாருங்கள். உட்கார்ந்து ஒரு பிளாக் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அப்படித்தான் தோன்றினால், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் மட்டும் சொல்லுங்கள்.

தங்கள் மாணவி