எதிர்ப்பு ரகம் வந்தால் கவலை தீர்ந்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கோதுமையின் துரு நோய் (இலையிலும் தண்டிலும் துருப்போலத் தூள் பூக்கும் பூஞ்சை நோய்) பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால், எதிர்ப்பு மரபணு உள்ள ரகம் கைக்கு வந்துவிட்டால் விவசாயிக்குக் கவலை இல்லை என்று முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

1995இல் வெளிவந்த பிபிடபிள்யூ 343 ரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாப், அரியானா பக்கம் ஒரு காலத்தில் எந்த வயலைப் பார்த்தாலும் அதுதான். சில ஆண்டுகளிலேயே துருவில் ஒரு வகையான மஞ்சள் துருவில் புதிய இனம் ஒன்று கிளம்பி அதன் எதிர்ப்பை உடைத்தது. அதே ரகத்தில், தண்டைத் தாக்கும் இன்னொரு வகையான கருந்துருவைத் தடுக்க, ரை என்ற தானியத்திலிருந்து வந்த எஸ்ஆர்31 என்ற மரபணு இருந்தது. உலகில் எத்தனையோ நாட்டு ரகங்கள் அந்த ஒன்றை நம்பியிருந்தன. 1998இல் உகாண்டாவில் தென்பட்ட யுஜி99 என்ற கருந்துரு இனம் அதையும் தாண்டியது. 2007க்குள் ஏமன், ஈரான் வரை போய்விட்டது.

இப்படி நடப்பதில் வியப்பில்லை. எஸ்ஆர்31 போன்ற மரபணு, உள்ளே நுழையும் பூஞ்சையின் ஒரு புரதத்தை அடையாளம் கண்டு, அந்த இடத்துச் செல்களைச் சாகடித்து நோயைப் பட்டினி போடுகிறது. பூஞ்சை அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டால் போதும், செடிக்கு ஆள் தெரியாது. பல லட்சம் ஏக்கரில் ஒரே ரகம் நின்றால் அப்புறம் கேட்கவே வேண்டாம்.

படிக்கும் காலத்தில் நீலகிரி வெலிங்டனில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு பாத்தியில் இலையைக் கட்டைவிரலால் தடவினால் மிளகாய்த்தூள் மாதிரி செம்பழுப்புத் தூள் அப்பிக்கொண்டது. பக்கத்துப் பாத்தியிலும் நோய் இருந்தது. ஆனால் கொப்புளங்கள் பொடிப்பொடியாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக. இலை நுனி மட்டும் காய்ந்திருந்தது, கதிர் நன்றாகப் பால் பிடித்திருந்தது. எல்ஆர்34 போன்ற மரபணுவின் வேலை அது. நோயை அடியோடு தடுக்காது, மெதுவாக்கும். பல பத்தாண்டுகளாக வயலில் இருந்தும் அதை வென்ற இனம் இதுவரை வரவில்லை. இப்படிப்பட்ட மூன்று நான்கைச் சேர்த்து வைத்த ரகங்களைப் பற்றித்தான் கட்டுரை பேசியிருக்க வேண்டும்.

நீலகிரியைச் சொல்லக் காரணம் உண்டு. வடக்கே வெயிலில் துரு அழிந்துபோகும் மாதங்களிலும் நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் பிழைத்துக் கிடக்கும். வங்கக்கடல் புயல் காற்று அதன் வித்துகளை மத்திய இந்தியா வரை சுமந்து செல்லும். நம்மூர்ச் சம்பா கோதுமையின் வகையான, மராட்டியர்கள் கப்லி என்று சொல்லும் பழைய கோதுமையை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கருந்துரு இனங்களைப் பிரித்தறியும் பன்னிரண்டு சோதனை வகைகளில் ஒன்றாக வைத்திருந்தார்கள். அதிலுள்ள எஸ்ஆர்13 என்ற மரபணு யுஜி99ஐயும் தாங்குகிறது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம்.

அரசு ஒரு ரகத்தைப் பரிந்துரைக்கும்போது அதில் எந்தெந்த எதிர்ப்பு மரபணுக்கள் உள்ளன என்பதையும், அதே மரபணுக்களோடு ஏற்கெனவே எவ்வளவு பரப்பு விதைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். கட்டுரையாளருக்கு நேரமிருந்தால் செப்டம்பரில் வெலிங்டன் போய்ப் பார்க்கட்டும். வடக்கே வயல்கள் விதைப்புக்குக் காத்திருக்கும்போது அங்கே கோதுமை கதிர் விட்டு நிற்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
கோத்தகிரி